நர்ஜிஸ் அழுத முஹர்ரம்

அபுல் கஸீப்,
பேரீச்சை இறக்கி முடித்த வாரம்

அன்புள்ள அபூ நர்ஜிஸ்,

உங்களுக்கும் உங்கள் கப்பல் இஞ்சினுக்கும் பத்ரிய்யாவின் ஸலாம். இருவரில் யார் மீது யாருக்குப் பிரியம் அதிகம் என்று எனக்கு இன்னும் தெரியாததால் இருவரையும் சேர்த்தே நலம் விசாரிக்கிறேன். போனில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரம் உங்கள் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் இருமுகிறார்கள். அதனால்தான் பழையபடி காகிதம். கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

இங்கே எல்லாரும் நலம். தண்ணீர் மட்டும் இந்த வருஷமும் உப்பு. தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டே இருக்கிறேன், உப்பு போன பாடில்லை. நம் மரங்களில் காய் சுமார்தான். உங்கள் அக்கா ஹஸ்னா நல்ல கூடைகளைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு, சொத்தையை நமக்குத் தள்ளிவிட்டு, "தம்பி வீட்டுக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்தேன்" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்க எனக்குப் பொறுமை இல்லை. நம் மகள் நர்ஜிஸ் நெஞ்சிலிருந்த பூனைக்குட்டி போய்விட்டது.

நீங்கள் போன பிறகு ரொம்பவும் மோசமாக இருந்தது. காய் இறக்கத் தொடங்கியதுமே எல்லாத் தோப்பிலும் காய்ந்த மட்டையைக் கொளுத்தினார்கள். அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணற்றுத் தீயின் புகை, இந்தப் பக்கம் மட்டைப் புகை. எழுந்ததிலிருந்து தும்மல், மூக்கில் குழாய் திறந்தது போல் நீர். இருட்டினால் இழுப்பு. நீங்கள் அவள் நெஞ்சில் காதை வைத்து, "பூனைக்குட்டி இன்னும் தூங்கலையா?" என்று கேட்பீர்களே, நீங்கள் இல்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் மட்டும் கிடப்பது லேசான காரியம் இல்லை. ஒரு நாள் உதடு நீலம் பூத்துவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதற்குப் பிறகுதான் நகரத்துக்குப் போய் அஷ்ஷாரில் டாக்டர் லமீஆவிடம் காட்டினேன்.

அவர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். கடித்துத் தின்பது, செர்ரிப் பழ வாசம். தினமும் சாயங்காலம் ஒன்று. நம் பெண் மிட்டாய் என்று நினைத்து இன்னொன்று கேட்கிறாள். டாக்டர் பத்து நிமிஷம் எனக்குப் பாடம் நடத்தினார். "நல்லா இருக்கிற நாள்லயும் குடுக்கணும். ஒரு நாள் மறந்துட்டா மறந்ததுதான், மறுநாள் ரெண்டாக் குடுக்கக் கூடாது. மூச்சு முட்டுற நேரத்துல இதை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க, அதுக்கு நீல இன்ஹேலர்தான். காலையும் சாயங்காலமும் அடிக்கிற இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது" என்றார். அதோடு விடவில்லை. "பிள்ளை எப்படித் தூங்குறா, என்ன கனவு காணுறா, மனசு எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருங்க. சில பிள்ளைங்களுக்கு இந்த மாத்திரை மனசைப் பிடிச்சு ஆட்டிடும். எரிச்சல், அழுகை, கெட்ட கனவு, எது வந்தாலும் அடுத்த தடவை வர்ற வரைக்கும் காத்திருக்காம எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

மூச்சுக்கு மருந்து கேட்டுப் போனால் கனவை விசாரிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. உங்கள் மகள் சும்மா இருப்பாளா? "டாக்டர், கனவுல கணக்குப் பரீட்சை வந்தா போன் பண்ணணுமா?" என்று கேட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

மாத்திரை ஆரம்பித்துச் சில நாளிலேயே இழுப்பு அடங்கியது. தும்மல் இல்லை. விடியும்வரை தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன். நேற்று மாடிப்படியில் ஓடி ஏறினாள், ஏறி நின்று மூச்சு வாங்காமல் என்னைக் கூப்பிட்டாள். உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: இந்த முறை கைக்கடிகாரம் மாதிரி எதுவும் வேண்டாமாம், தொலைநோக்கிதான் வேண்டுமாம். மொட்டைமாடியிலிருந்து ஷத் ஆற்றில் போகும் கப்பலையெல்லாம் பார்த்து, அதில் பாபாவுடையது எது என்று கண்டுபிடிப்பாளாம். உங்கள் கப்பல் இந்த ஆற்றுப் பக்கமே வராது என்று சொல்லிப் பார்த்தேன். "வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும், உன்கிட்டதான் தொலைநோக்கி இல்லையே" என்கிறாள்.

எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். குளிர் தொடங்குமுன் அந்தப் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம், கடலில் உங்களை யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
பத்ரிய்யா


அபுல் கஸீப்,
ஆஷூரா கழிந்து மூன்றாம் நாள்

அன்புள்ள அபூ நர்ஜிஸ்,

ஸலாம். அல்லாஹ் நம் துக்கத்தை ஏற்றுக்கொள்ளட்டும். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கப்பலிலும் நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து இஞ்சின் அறையில் கறுப்புத் துணி கட்டியதைப் படித்துக் கண் கலங்கினேன். நல்ல வேளை, அதில் கிரீஸ் பட்டாலும் தெரியாது.

"பூனைக்குட்டி போனது சரி, பிள்ளை சிரிக்கிறாளா?" என்று எழுதியிருந்தீர்கள். முஹர்ரத்தில் யார் சிரிப்பார்கள், மனுஷரே? ஊரே கறுப்பில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அடுப்பு, பெரிய பெரிய அண்டாவில் கோதுமையும் கறியும் குழைகிற ஹரீஸா. நம் வீட்டில் ஏழாம் நாள் பெண்கள் கூடி அழும் மஜ்லிஸ் வைத்தேன். முல்லா உம்மு ஜப்பாரே வந்து, இமாம் ஹுஸைன் கர்பலா மணலில் தாகத்தோடு மடிந்ததை ஓதினார். இந்தப் பக்கத்தில் அவர் ஓதினால் சுவர்கூட அழும் என்பார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். போன வருஷம் இதே மஜ்லிஸில் நம் மகள் என்ன செய்தாள் என்று நினைவிருக்கிறதா? உங்கள் அக்கா கொதிக்கிற கெட்டில் மாதிரி அழுதாள் என்று இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் காதைப் பிடித்துச் சமையலறைக்குத் துரத்தினேன். அதே நர்ஜிஸ் இந்த வருஷம் மூலையில் உட்கார்ந்து அழுதாள் பாருங்கள், கூடியிருந்த பெண்கள் தங்கள் அழுகையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். சத்தம் இல்லை, மார்பில் அடிக்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது. உம்மு ஜப்பார் அடுத்த வீட்டு மஜ்லிஸில் அவளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எந்த வீட்டில் மஜ்லிஸ் என்றாலும், "உன் பொண்ணைக் கூட்டிட்டு வா பத்ரிய்யா, அவ அழுதா எங்களுக்கும் அழுகை வருது" என்று கூப்பிடுகிறார்கள். பதிமூன்று வயதில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மனசு வாய்க்கும்? எனக்குப் பெருமையாக இருந்தது. ஹஸ்னாவுக்கு என்னைவிடப் பெருமை. "எங்க குடும்பத்து ரத்தம்டி அது" என்று அவள் ஊர் முழுக்கச் சொன்னதில், பத்து மாதம் சுமந்தவள் நான் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது.

ஒரு விஷயம் சொல்கிறேன், கவலைப்பட வேண்டாம். அவளுக்குக் கனவு வருகிறது. மணலில் தனியாக நிற்கிறாளாம், தாகமாம், கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். விடியும் நேரம் நனைந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் மஜ்லிஸில் இதைச் சொன்னபோது பெண்கள் எழுந்துவந்து அவள் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "கர்பலாவைப் பார்த்திருக்காளே புள்ள" என்றார்கள். டாக்டர் கனவைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன கெட்ட கனவு இதுவா? முஹர்ரத்தில் தாகத்தைக் கனவு கண்டாள் என்று போன் செய்தால் அவரும் நம் ஆள்தானே, என்னை என்ன நினைப்பார்? விட்டுவிட்டேன்.

சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் சுருக்கென்று கோபம். ஊரே சோர்ந்து கிடக்கிற மாதம் இது, நானும்தான் உங்கள் அக்கா மேல் எரிந்து விழுகிறேன். மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. அதை மட்டும் நினைத்து நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அவள் கண்ணீரின் அருளும் பரக்கத்தும் உங்கள் கப்பலுக்குத் துணையாக வரட்டும்.

உங்கள்
பத்ரிய்யா


அபுல் கஸீப்,
ஸஃபர் மாதம்

அபூ நர்ஜிஸ்,

ஸலாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, நீங்கள் அங்கே நின்று இதைக் கேட்பதை நினைத்தால் என்னால் முடியவில்லை.

இன்று மத்தியானம் உம்மு ஜப்பார் வீட்டுக்கு வந்தார். நாங்கள் வெளியே கொடுத்தனுப்பத் துணி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆஷூராவின் நாற்பதாம் நாளுக்காகக் கர்பலா வரை நடக்கிறவர்கள் நம் சாலை வழியாகத்தானே போகிறார்கள், அவரவரால் முடிந்ததைக் கொடுக்கிறோம். நர்ஜிஸ் தன்னுடையதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகவே கொடுக்கிறாள். வண்ணப் பென்சில் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு, நீலத் தலைத்துணி ஹஸ்னா மகள் ஷைமாவுக்கு. நீங்கள் சிங்கப்பூரில் வாங்கிய கைக்கடிகாரமும் ஷைமாவுக்குத்தான் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் நன்மைக்காகக் கொடுக்கிறவளைத் தடுத்தால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன். "பாபாகிட்ட தொலைநோக்கி வேண்டாம்னு எழுதிடு உம்மா" என்றும் சொன்னாள். பிள்ளைக்கு ஆசையே அற்றுவிட்டதே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நான் அப்படித்தான் நினைத்தேன்.

உம்மு ஜப்பார் அவளைப் பார்த்தார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"பத்ரிய்யா, பொம்பளைங்களை அழ வைக்கிறதுதான் என் பொழப்பு. அழுகைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அழுது முடிச்சவ எழுந்து மூக்கைச் சிந்திட்டு 'கீமா வந்துருச்சா'ன்னு கேப்பா. உன் நாத்தனார் ரெண்டு தட்டு திம்பா. என் பிள்ளையைப் புதைச்ச நாள்ல நானும் கேட்டேன், எனக்கே வெட்கமா இருந்துச்சு. அழுதா வயிறு திறக்கும், மனசு லேசாகும், அதுக்குத்தான அழறோம். உன் பொண்ணு ஒரு வீட்டுலயும் தட்டைத் தொடல. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு வடிய ஆரம்பிச்சிடுது, நான் முடிச்ச பிறகும் நிக்கல. இது ஹுஸைனுக்கு அழற அழுகை இல்லம்மா. அவளை என் பக்கத்துல உட்கார வெச்சதே நல்லாப் பார்க்கத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களைவிட என் மகள் நன்றாக அழுகிறாள் என்று பொறாமையா என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வார்த்தை போய்விட்டது. அவர் எழுந்து அபாயாவைச் சரிசெய்துகொண்டு, "பொறாமைன்னே வெச்சுக்க. ஆனா உள்ள போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போய்க் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எதுக்குடா அழறே, யாரை நினைச்சு அழறே என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கே தெரியல உம்மா. எழும்போதே அழுகையா வருது. எல்லாரும் நல்ல அழுகைன்னு சொல்றாங்க, அதனால நானும் நல்லதுன்னு நினைச்சேன். மூச்சு நல்லா வருது உம்மா. ஆனா அது எதுக்கு வருதுன்னுதான் தெரியல."

அபூ நர்ஜிஸ், அப்போதுதான் டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் திரும்பி வந்தது. தூக்கம், கனவு, எரிச்சல், அழுகை. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது.

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க. இன்ஹேலர் மட்டும் வழக்கம்போல நடக்கட்டும், நீல இன்ஹேலர் கையோட இருக்கட்டும். நாளைக்குக் காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க" என்றார். ஏன் தனியாக விடக் கூடாது என்று நான் கேட்கவில்லை.

என் கையை அவள் மேல் போட்டபடிதான் இதை எழுதுகிறேன். துஆ செய்யுங்கள். இஞ்சினை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் துஆ செய்யுங்கள்.

பத்ரிய்யா


அபுல் கஸீப்,
பாளை வெடிக்கும் காலம்

அன்புள்ள அபூ நர்ஜிஸ்,

ஸலாம். இடையில் போனில் "நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் நம்பியதுபோல் பேசினீர்கள். உங்கள் குரல் எனக்குத் தெரியாதா? முழுதும் எழுதுவதற்கு இப்போதுதான் கை வந்தது.

அன்று டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "நீயே உம்மாகிட்ட சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று அவளைக் கேட்டார். அவளே சொன்னாள். கைக்கடிகாரத்தை ஷைமாவுக்குக் கொடுத்த நாள், நம் வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிற நேரம், அவள் தனியாகப் படித்துறைக்குப் போயிருக்கிறாள். படித்துறையில் இறங்கியிருக்கிறாள். திரும்பி வரும் எண்ணம் இல்லாமல்தான் இறங்கினேன் உம்மா என்றாள். அதை ஏதோ பள்ளியில் நடந்ததைச் சொல்வது போல் சொன்னாள்.

அப்புறம் எப்படி வந்தாய் என்று என்னால் கேட்க முடியவில்லை. டாக்டர்தான் கேட்டார்.

உங்கள் அக்கா கூப்பிட்டிருக்கிறாள். அன்று அவர்கள் வீட்டில் நேர்ச்சை ஹரீஸா. அண்டாவைக் கிளற ஆள் போதவில்லை. "அடியே நர்ஜிஸ், எங்கடி போய்த் தொலைஞ்சே, ஹரீஸா அடி பிடிக்குதுடி, வந்து துடுப்பைப் பிடி" என்று ஹஸ்னா அங்கிருந்து கத்தியது வாய்க்கால் வரை கேட்டிருக்கிறது. "அத்தை திட்டுவாங்களேன்னு போயிட்டேன் உம்மா" என்றாள். ஈரக் காலோடு போய் அண்டா முன்னால் நின்று கிளறியிருக்கிறாள். அந்த ஹரீஸாவில் ஒரு கிண்ணம் நம் வீட்டுக்கும் வந்தது. உப்பு தூக்கலாக இருக்கிறது, உன் அத்தைக்கு நாக்கும் இல்லை என்று நான் குறை சொல்லிக்கொண்டே தின்றேன்.

இனி உங்கள் அக்காவின் குரலைப் பற்றி என் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ ஒரு வார்த்தை வராது. அவளுக்கு விஷயம் தெரியாது. நான் போய் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டபோது பயந்துவிட்டாள். "என்னடி ஆச்சு உனக்கு, பேரீச்சைக் கூடை மேல இன்னும் கண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாத்திரை நிறுத்திய உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் கனவு நின்றது. பிறகு எரிச்சல் குறைந்தது. டாக்டர் லமீஆ அவளை மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார், இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறோம். "எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது, நிறையப் பேருக்கு இது நல்ல மருந்து. ஆனா நர்ஜிஸுக்கு இது ஒத்துக்கல. இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்தக் கடையில மருந்து வாங்கினாலும் முதல்ல இதைச் சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் மருந்துக் கடைக்காரர், புதுசா வந்திருக்கு, மூக்குக்கு அருமையா கேட்கும் என்று ஒரு பெட்டியை நீட்டினார். கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே மருந்து அதேதான். கேட்டுத் தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

ஊர்ப் பெண்கள் என்னை விடவில்லை. நாற்பதாம் நாள் மஜ்லிஸில் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கண்ணு பட்டுருச்சுடி உன் பொண்ணுக்கு, அந்த அழுகை போச்சே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். உம்மு ஜப்பார் ஓதி முடித்தார். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். அப்போது நர்ஜிஸ் என் முழங்கையை இடித்து மெதுவாக, "உம்மா, கீமா இருக்கா?" என்று கேட்டாள். அந்த வருஷத்து அழுகையையெல்லாம் நான் அப்போதுதான் அழுதேன். உம்மு ஜப்பார் தன் கையாலேயே இரண்டு தட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் போனார். அன்று நான் பேசியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்கவிடுவதில்லை.

இதோடு கதை முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் அவள் பழையபடி சிரிக்கவில்லை. சிரித்தாலும், சிரித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், நான் பார்க்கிறேனா என்று. நானும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அதுவே அவளுக்குப் பாரம் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. வாய்க்கால் பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. நீங்கள் இதைப் படித்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். "பாபாகிட்ட மட்டும் சொல்லிடாதே உம்மா" என்று கேட்டுக்கொண்டாள். முதன்முதலாக அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். தனியாகச் சுமக்க முடியவில்லை.

இப்போது தோப்பில் ஆண் பாளையை வெட்டிப் பெண் பாளையில் தூவுகிறார்கள். காற்றெல்லாம் அந்த மாவுதான். தும்மல் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் இன்ஹேலரின் அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார், மூக்குக்கும் ஒன்று தந்திருக்கிறார். உதடு நீலம் பூக்கிற அளவுக்கெல்லாம் இல்லை, அதை நான் நன்றாகவே கவனிக்கிறேன். ஆனால் படுத்தால் அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஆமாம், பூனைக்குட்டி திரும்பி வந்துவிட்டது. அது போனதற்காக இனிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான். இப்போது அது கர் கர் என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கண் மூடுகிறது. சத்தம் அடங்கிப்போனால் விழித்துக்கொண்டு, கையை வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று மாடியில் துணி காயப்போடும்போது, "பாபா தொலைநோக்கி வாங்கிட்டாரா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுதச் சொன்னாயே என்றேன். "நீ எழுதிட்டியா?" என்றாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

அதனால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கடை தேடி அலைந்து ஊருக்கு வரும் கப்பலைத் தவறவிடாதீர்கள். ஒப்பந்தம் முடியவில்லை, ஆள் இல்லை என்று கேப்டன் சொன்னால், வீட்டில் என் மகள் நெஞ்சில் ஒரு பூனைக்குட்டி இருக்கிறது, அதன் சத்தத்தைக் கேட்கப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். வந்து, பழையபடி அவள் நெஞ்சில் காதை வைத்து ஒரு முறை கேளுங்கள் அபூ நர்ஜிஸ். நான் ஒருத்தி மட்டும் கேட்டால் போதாது.

உங்கள் வழியைப் பார்த்தபடி,
பத்ரிய்யா